மிருகசீரிஷம் யாருடைய நட்சத்திரம்?

எங்கள் குடும்பத்தில் மிருகசீரிஷ நட்சத்திரத்தில் பிறந்தவர் எவரும் இல்லை. பாட்டிக்கு ரோகிணி, அப்பாவுக்கு அனுஷம், அம்மாவுக்கு உத்திரம், எனக்குப் பூசம். ஆயினும் கிருத்திகைதோறும் வைத்தீஸ்வரன் கோயிலில் செல்வமுத்துக்குமார சுவாமி சந்நிதியில் எங்கள் தாத்தா அர்ச்சனைக்குச் சொல்லும் நட்சத்திரங்களின் வரிசை மிருகசீரிஷத்தில்தான் முடியும். குருக்கள் பெயரைக் கேட்பார். "குழந்தை என்று சொல்லுங்கள் சாமி, அது போதும்" என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுக் கண்களை மூடிக்கொள்வார் தாத்தா. எந்தக் குழந்தை என்று பாட்டி கேட்டதில்லை. சிறுவனாக அருகில் நின்ற எனக்குக் கேட்கும் துணிவு இல்லை.

இப்பகுதியில் தலங்களைப் பற்றியும் விழாக்களைப் பற்றியும் எழுதி வருவதே வழக்கம். இவ்வாரம் தாத்தாவின் திதி வருகிறது. அவரைப் பற்றி எழுத அன்பர்கள் இசைவு தரவேண்டும். அவரை அந்தத் தலத்திலிருந்து பிரித்து நினைக்க எனக்கு இயலாது. ஆகவே இதையும் தலத்தைப் பற்றிய கட்டுரையாகவே கொள்ளலாம்.

புள்ளிருக்குவேளூர் என்னும் பழம்பெயர் கொண்ட அத்தலத்தை அறியாத அன்பர்கள் குறைவு. புள்ளாகிய ஜடாயுவும், இருக்கு வேதமும், வேலேந்திய முருகனும், ஊர் எனப்படும் சூரியனும் வழிபட்டதால் வந்த பெயர் அது. 4448 நோய்களையும் தீர்க்கும் வைத்தியநாதராக இறைவன் அங்கே எழுந்தருளியிருக்கிறான். தனியாக வரவில்லை. தைலப் பாத்திரமும் சஞ்சீவியும் வில்வ மரத்தடி மண்ணும் ஏந்தி அம்பிகை தையல்நாயகி உடன் வந்தாள் என்பது தல வரலாறு. இந்த வரலாற்றைச் சொல்லும்போதெல்லாம் தாத்தாவின் முகத்தில் ஒரு குறும்பு தோன்றும். "சுவாமி டாக்டர். சீட்டு எழுதிவிட்டு அவர் பாட்டுக்கு லிங்கமாக உட்கார்ந்துவிட்டார். மருந்துப் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவள் யார்? அம்பாள்தான் இந்தக் கோயிலின் கம்பவுண்டர்" என்பார். சுவாமி சந்நிதியில் நிற்பதைக் காட்டிலும் அம்பாள் சந்நிதியில் அவர் அதிக நேரம் நிற்பதற்கு அதுவே காரணம் என்று வெகுநாள் வரை நான் நம்பியிருந்தேன்.

தாத்தா கம்பவுண்டர். இளமையில் மாயவரத்தில் ஒரு மருத்துவரிடம் மருந்து கலக்கக் கற்றுக்கொண்டு, பின்னர் கோயிலுக்குக் கூப்பிடு தொலைவில் சொந்தமாக மருந்துக்கடை வைத்தார். 1948-ஆம் ஆண்டு மருந்தாளுநர் சட்டம் வந்த பிறகு முறைப்படி பதிவு செய்துகொண்ட சான்று, கண்ணாடிச் சட்டத்துக்குள் கடைச் சுவரில் தொங்கியது. ஊராருக்கோ கடைசிவரை அவர் 'கம்பவுண்டர் ஐயா'தான். அதில் அவருக்கு வருத்தம் ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை.

அக்காலத்து மருந்துக்கடையைக் கண்ட அன்பர்கள் நம்மிடையே இன்னும் பலர் இருப்பீர்கள். மாத்திரைகள் இன்றுபோல் பளபளக்கும் அட்டைகளில் வந்ததில்லை. மருத்துவர் எழுதித் தருவது பெரும்பாலும் 'மிக்ஸ்சர்' என்னும் கலவை மருந்து. நோயாளியின் வீட்டார் புட்டியை வெந்நீரில் கழுவிக் கையோடு கொண்டுவர வேண்டும். மறந்து வந்தால் தாத்தா திருப்பி அனுப்புவார். அழுக்குப் புட்டி கொண்டுவந்தால் திட்டி அனுப்புவார். பீங்கான் கல்வத்தில் தூளை அரைப்பதும், அளவுக் கண்ணாடியைக் கண்ணுக்கு நேரே உயர்த்திப் பிடித்து டிஞ்சரைச் சொட்டுச் சொட்டாக விடுவதும் ஒரு பூஜை போல நடக்கும். கிரெயின், டிராம், மினிம் என்பவை அவர் கற்ற அளவைகள். 1958 முதல் மெட்ரிக் அளவைகள் படிப்படியாக நடைமுறைக்கு வந்த பின்னரும், ஒரு கிரெயின் ஏறத்தாழ 65 மில்லிகிராம் என்று மனத்துக்குள் பெருக்கிக்கொண்டேதான் வேலை செய்வார். கடை முழுவதும் ஸ்பிரிட்டும் பெப்பர்மிண்டும் கலந்த ஒரு வாசனை. திருநீற்று மணத்தோடு கலந்த அந்த வாசனைதான் எனக்குத் தாத்தா.

புட்டியை நிரப்பித் தக்கையால் மூடியபின் ஒரு சிறு கைவேலை உண்டு. வெள்ளைக் காகிதத்தை விரல் அகலத்துக்கு நீளமாகக் கத்தரித்து, எத்தனை வேளை மருந்தோ அதற்கேற்ப மடித்து, மடிப்பின் ஓரத்தை வெட்டி விரித்தால் ரம்பத்தின் பற்கள் போல வரும். அதை மைதாப் பசை தடவிப் புட்டியின் பக்கத்தில் ஒட்டிவிடுவார்கள். ஒரு வெட்டிலிருந்து அடுத்த வெட்டு வரை ஒரு வேளைக்கான மருந்து. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் அது விளங்கும். இந்தக் காகிதத் துண்டை அன்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். கதை அதைப் பற்றியதுதான்.

கோயிலின் திருச்சாந்துருண்டைக்கும் தாத்தாவின் கடைக்கும் போட்டி இருந்ததா என்று ஒரு நண்பர் என்னை வேடிக்கையாகக் கேட்டதுண்டு. ஜடாயு குண்டத்துத் திருநீறும் சித்தாமிர்தத் தீர்த்தமும் சேர்த்து அரைத்து, உருட்டி, அம்பாள் திருவடியில் வைத்து எடுத்துத் தரப்படும் பிரசாதம் அது. வெளியூரிலிருந்து வருவோர் தரிசனம் முடித்துச் சாந்துருண்டையுடன் நேரே கடைக்கு வந்து, "இதைச் சாப்பிட்டால் அந்த மருந்தை நிறுத்திவிடலாமா?" என்று கேட்பார்கள். தாத்தா இரண்டையும் கண்ணில் ஒற்றிக்கொள்வார். "சாந்துருண்டையை அம்பாள் பார்த்துக்கொள்வாள். இந்த மாத்திரையை மூன்று வேளையும் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று சொல்லி அனுப்புவார். எவரையும் எதையும் நிறுத்தச் சொன்னதில்லை.

அவரைத் தருமவான் என்று ஊரில் பலர் சொல்வார்கள். கடன் நோட்டுக்கள் அடுக்கடுக்காகப் பரணில் கிடந்தது உண்மை. அவற்றைக் கண்டு பாட்டி பெருமூச்சு விட்டதும் உண்மை. பாட்டியின் கைவளையல்கள் இரண்டு முறை அடகுக்குப் போயின. ஒருமுறைதான் திரும்பி வந்தன. தருமத்தில் பாதிப் பங்கு அவளுடையது என்பதை இங்கே எழுதிவிடுகிறேன். தாத்தாவுக்கு முன்கோபமும் உண்டு. "சிவப்பாக ஒரு மாத்திரை இருக்குமே, அதில் இரண்டு கொடுங்கள்" என்று எவரேனும் கேட்டுவிட்டால் போதும், தெருவே திரும்பிப் பார்க்கும்.

1974-ஆம் ஆண்டு. எனக்குப் பன்னிரண்டு வயது. கோடை விடுமுறையில் கடையில் எடுபிடி வேலை செய்துகொண்டிருந்தேன். பெரிய டப்பாவிலிருந்து மாத்திரைகளை எண்ணிக் காகித உறைகளில் போடுவது என் வேலை. அன்று என் வயதுப் பையன் ஒருவன் வாசலில் வந்து நிற்க, அவனோடு பேசிக்கொண்டே எண்ணினேன். தாத்தா ஏதும் சொல்லவில்லை. நான் முடித்த உறைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து மேசைமேல் கொட்டினார். ஒன்றில் பத்து, ஒன்றில் பதினொன்று, ஒன்றில் ஒன்பது. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். பையனை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு, என்னை முக்காலியில் உட்கார வைத்து, மிருகசீரிஷத்தின் கதையைச் சொன்னார்.

நான் பிறப்பதற்கு முன்பு நடந்தது. ஐப்பசி மாதத்துக் கிருத்திகை. அன்றைய அபிஷேகச் சந்தனம் தாத்தாவின் உபயம். அத்தலத்தில் அர்த்தஜாமத்தில் முதலில் முத்துக்குமார சுவாமிக்கு வழிபாடு; அதன் பின்னரே இறைவனுக்கு என்பதை அன்பர்கள் அறிவீர்கள். கடை வைத்த நாள்முதல் எந்தக் கிருத்திகையிலும் அந்த அர்த்தஜாமத்தைத் தாத்தா தவறவிட்டதில்லை.

அன்று முற்பகல் இரண்டு சீட்டுகள் ஒருசேர வந்தன. ஒன்று முதியவர் ஒருவருக்கு, ஆறு வேளை மருந்து. மற்றொன்று மூன்று மைல் தொலைவிலுள்ள சிற்றூரிலிருந்து, கக்குவான் இருமலால் அவதிப்பட்ட மூன்று வயதுக் குழந்தைக்கு, பன்னிரண்டு வேளை மருந்து. கக்குவானுக்கு அந்நாளில் பெல்லடோனா டிஞ்சரை மிகச் சிறிய அளவில் கலந்து கொடுப்பதுண்டு. அளவு மிஞ்சினால் அது நஞ்சு. தாத்தா இரண்டு புட்டிகளையும் அருகருகே வைத்து நிரப்பினார். மருந்தின் அளவில் பிழை இல்லை. இரண்டு காகிதத் துண்டுகளையும் வெட்டி வைத்தார். கோயிலுக்குச் சந்தனக் கட்டைகள் போய்ச் சேர்ந்தனவா என்று கேட்க வந்தவரிடம் பேசிக்கொண்டே குழந்தையின் புட்டியில் காகிதத்தை ஒட்டி, வாங்க வந்த தகப்பனிடம் கொடுத்தனுப்பினார்.

மாலையில் விளக்கு வைத்த பிறகு முதியவரின் மகன் தன் புட்டிக்கு வந்தான். மேசைமேல் கிடந்த காகிதத் துண்டை எடுத்துப் பசை தடவினார் தாத்தா. விரல் பற்களை எண்ணியது. பன்னிரண்டு.

"அந்த நிமிஷம் என் கை எப்படி இருந்தது தெரியுமா?" என்று என்னிடம் சொன்னபோதும் தம் வலக்கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். ஆறு வெட்டுகள் கொண்ட காகிதம் குழந்தையின் புட்டியோடு போய்விட்டது. குழந்தை ஒவ்வொரு வேளையும் இரண்டு மடங்கு மருந்து குடித்துக்கொண்டிருக்கிறது. பகலில் ஒன்று, மாலையில் ஒன்று என இரண்டு வேளை உள்ளே போயிருக்கும். மூன்றாவது, இரவு உணவுக்குப் பின்.

முதலில் மருத்துவர் வீட்டுக்கு ஓடினார். மருத்துவர் ஒரு பிரசவத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். அடுத்த வேளையை உடனே நிறுத்தவேண்டும், தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும், மூச்சில் மாற்றம் தெரிந்தால் நொடியும் தாமதியாமல் தூக்கி வரவேண்டும் என்று சொன்னார். தாத்தா சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கோயில் மணி ஒலித்தது. மழையில் ஊறிய வரப்பில் சைக்கிள் ஓடவில்லை. அதை ஒரு களத்தில் சாத்திவிட்டு அரிக்கன் விளக்குடன் நடந்தார்.

இதற்குமேல் சொன்னதுதான் எனக்கு முக்கியம். "வழியெல்லாம் ஒரு பொய்யை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேனடா. டாக்டர் வேறு மருந்து மாற்றிக் கொடுக்கச் சொன்னார் என்று சொல்லிப் புட்டியை வாங்கிக்கொண்டு திரும்பிவிடலாம். யாருக்கும் ஒன்றும் தெரியப் போவதில்லை. சொல்ல வேண்டிய வார்த்தைகள்கூடத் தயாராகிவிட்டன. முருகா முருகா என்று வாய் சொல்கிறது, மனம் பொய்யைத் தீட்டுகிறது."

வீட்டை அடைந்தபோது குழந்தை பாட்டியின் மடியில் கிடந்தது. முகம் சிவந்திருந்தது. உதடு உலர்ந்திருந்தது. கண்மணி அகன்று, இல்லாத எதையோ கையால் பிடிக்க முயன்றபடி பிதற்றிக்கொண்டிருந்தது. ஜுரம் ஏறிவிட்டது என்று எண்ணிய தாய், புட்டியைக் குலுக்கிக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

தாத்தா கிண்ணத்தின்மேல் கையை வைத்து மறைத்தார். பொய் வாயில் வரவில்லை. அதற்கு அவர் எனக்குச் சொன்ன காரணம் எளியது. "நான் பொய் சொல்லியிருந்தால் அந்தப் பெண் இதை ஜுரம் என்றுதானே நினைத்துக்கொண்டிருப்பாள்? போர்வை போட்டு மூடியிருப்பாள். எதைக் கவனிக்க வேண்டும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?" தவறு தம்முடையது, இரட்டிப்பு மருந்து உள்ளே போயிருக்கிறது என்று அவர்களிடம் அப்படியே சொன்னார்.

குழந்தையின் தகப்பன் அடிக்க வந்தான். தாத்தா நின்ற இடத்திலேயே நின்றார். பிறகு அவனே விலகிப் போய்த் திண்ணையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். பாட்டி மட்டும் நிறுத்தவில்லை. இரவெல்லாம் தாத்தா குழந்தையின் தலைமாட்டில் உட்கார்ந்து ஈரத்துணியால் உதட்டை நனைத்தும், கரண்டியால் தண்ணீர் புகட்டியும், மூச்சை எண்ணியும் கொண்டிருந்தார். மூன்றாம் ஜாமத்தில் பிதற்றல் அடங்கியது. விடியுமுன் குழந்தை தூங்கிற்று. அது நல்ல தூக்கந்தானா என்ற பயத்தில் இருமுறை எழுப்பிப் பார்த்தார். இரண்டாம் முறை அது அவர் கையைத் தட்டிவிட்டு அழுதது. அந்த அழுகையைப் போல் ஒரு நாதஸ்வரத்தை நான் கேட்டதில்லை என்றார் தாத்தா.

புறப்படும்போது குழந்தையின் நட்சத்திரம் என்ன என்று கேட்டிருக்கிறார். "ஏனய்யா, மருந்தென்று நஞ்சைக் கொடுத்துவிட்டு இப்போது நட்சத்திரம் வேறு கேட்கிறீரா?" என்று பாட்டி சீறினாள். பதில் சொல்லாமல் படியிறங்கி நடந்தார். வேலி வரைக்கும் அந்தத் தாய் பின்னால் வந்தாள். "மிருகசீரிஷம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். பெயரைச் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை.

குழந்தை பிழைத்தது. கடை பல நாள் பிழைக்கவில்லை. செய்தி பரவியது; பரவும்போது வளர்ந்தது. அந்தச் சிற்றூரார் அதன் பிறகு மாயவரத்துக்குப் போய் மருந்து வாங்கினார்கள். அவர்கள் தரவேண்டிய பாக்கியைத் தாத்தா கேட்கவில்லை. "சொல்லாமல் இருந்திருக்கலாமே" என்று அவருக்கு வேண்டியவர்களே சொன்னார்கள். பாட்டியின் வளையல்கள் இரண்டாம் முறை அடகுக்குப் போனது அந்த ஆண்டில்தான் என்று பின்னாளில் கணக்குப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அவள் நட்சத்திரம் யாருடையது என்று கேட்காததன் பொருளும் அப்போது விளங்கிற்று.

அதன் பிறகு தாத்தாவின் மேசையில் இரண்டு புட்டிகள் ஒருசேர நின்றதில்லை. காகிதத்தை ஒட்டிய பின்னரே மருந்தை ஊற்றுவார். கொடுக்குமுன் சீட்டை உரக்கப் படித்து, வாங்குபவரையும் பற்களை எண்ணச் சொல்வார். இதனால் நேரம் ஆகும். "கம்பவுண்டர் ஐயா கடைக்குப் போனால் அர்த்தஜாமம் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வரலாம்" என்று ஊரில் ஒரு வழக்கே உண்டாகிவிட்டது. இப்போது நம் வீடுகளில் காலை, பகல், இரவு என்று அறைகள் பிரித்த மாத்திரைப் பெட்டிகள் இருக்கின்றன. பேரப்பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் நிரப்பிக் கொடுக்கிறார்கள். அவர்கள் அதைக் கைப்பேசியில் பேசிக்கொண்டே செய்வதைக் காணும்போது என் கை தானாக நீண்டு பெட்டியைக் கவிழ்த்துவிடுகிறது. வீட்டில் எனக்குக் கெட்ட பெயர்தான்.

இப்பகுதிக்காகத் தலங்களைத் தேடிச் சென்றுவந்த காலத்தில், காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடலுக்கும் போனேன். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடம். அங்கே வேங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழனின் நீண்ட கல்வெட்டு ஒன்று உள்ளது. 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கோயிலைச் சார்ந்து வேதம் பயிலும் மாணவர்களுக்கு விடுதியும், வீரசோழன் என்னும் பெயரில் ஆதுலர் சாலையும் இயங்கியதை அது கூறுகிறது. பதினைந்து படுக்கைகள். ஒரு மருத்துவர், அறுவை செய்ய ஒருவர், பணிவிடைக்குப் பெண்கள், ஆண்டு முழுவதற்கும் இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியல். மூலிகை பறித்து, விறகு கொணர்ந்து, மருந்து காய்ச்ச இருவர். மருத்துவரின் பெயர் கல்லில் இருக்கிறது. மருந்து காய்ச்சிய இருவருக்கும் எண்ணிக்கையும் ஊதியமும் மட்டுமே உண்டு. அந்த வரியருகே நான் சற்று அதிகமாகவே நின்றுவிட்டேன். உடன் வந்த நண்பர் என்னவென்று கேட்டார். "இவர்களைத் தெரியும்" என்றேன். அவருக்கு விளங்கியிருக்காது.

தாத்தா 1988-ஆம் ஆண்டு தை மாதத்தில் இறைவனடி சேர்ந்தார். கடைசி நாட்களில் அவருக்கு வேண்டிய மாத்திரைகளை அவரே எண்ணி எடுத்துக்கொள்வார்; ஒருவரையும் நம்பமாட்டார். அந்தச் சிற்றூரின் பெயரை என்னிடம் கடைசிவரை சொல்லவில்லை. அந்தக் குழந்தை ஆணா பெண்ணா என்பதுகூட எனக்குத் தெரியாது. இன்று இருந்தால் ஏறத்தாழ எழுபது வயது இருக்கும். இவ்விதழின் வாசகராகவே இருக்கவும் கூடும்.

சென்ற கிருத்திகையன்று வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் போயிருந்தேன். சந்நிதியில் இளம் குருக்கள். என் வீட்டு நட்சத்திரங்களைச் சொல்லி, கடைசியாக மிருகசீரிஷம் என்றேன்.

"பெயர்?"

"குழந்தை என்று சொல்லுங்கள் சாமி."

"என்ன வயது, பேரக் குழந்தையா?" என்று அவர் அன்போடு கேட்டார். பின்னால் வரிசை நீண்டிருந்தது. ஆம் என்று தலையசைத்தேன். அவர் சங்கல்பத்தைத் தொடங்கினார்.